நெல் குடியிருந்த மரவீடுகள்

களஞ்சியம் என்னும் சொல்லை நாம் இன்றும் நாள்தோறும் பேசுகிறோம், எழுதுகிறோம். பலவும் கற்ற ஒருவரை அறிவுக் களஞ்சியம் என்று போற்றுகிறோம். பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954-ஆம் ஆண்டு முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலுக்கும் கலைக்களஞ்சியம் என்றே பெயர் சூட்டினர். கேளாத கேள்விக்கு விடை சொல்லி ஒருவன் தானே அகப்பட்டுக்கொண்டால், 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்னும் பழமொழியைச் சொல்லி நகைக்கிறோம். ஆனால், நமது பங்குகளில் மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் குதிர் என்றால் என்ன, பத்தாயம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். உழவர் குடும்பத்துப் பிள்ளைகள் கூட விழிப்பதைக் காண்பீர்கள். சொல் நிற்கிறது, பொருள் மறைந்துகொண்டிருக்கிறது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து உழவர் வீடுகளில் மனிதருக்கு ஓர் இருப்பிடமும் மாட்டுக்கு ஒரு தொழுவமும் இருந்ததுபோல, நெல்லுக்கும் ஒரு வீடு இருந்தது. அது பெரும்பாலும் மரத்தால் ஆனது. அதனைக் கட்டிய தச்சரின் கணக்கையும், அதில் அடங்கிய அறிவையும், அது நமக்கு விட்டுச்செல்லும் கடமையையும் குறித்துச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மழையும் வகுத்த தேவை

நெல்லுக்குத் தனி வீடு ஏன் வேண்டியிருந்தது என்பதை அறிய, முதலில் இந்த நிலத்தை அறிய வேண்டும். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வரை தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாயிருந்த சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டங்கள் காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதிகள். பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம் ஏரியும், ஆர்தர் காட்டன் காலத்தில் 1836-ஆம் ஆண்டு கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த கீழணையும் இந்த வயல்களுக்கு நீர் தருகின்றன. வடக்கே கடலூரை ஒட்டிக் கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கலக்கின்றன. நீர் வளம் உள்ள இடத்தில் நீரால் வரும் துன்பமும் உண்டு என்பதை இங்குள்ளோர் நன்கறிவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. வங்கக் கடலில் புயல் எழுகிறது. ஆறுகள் கரை புரள்கின்றன. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயலையும், 2015-ஆம் ஆண்டின் வெள்ளத்தையும், 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலையும் நம் குடும்பங்கள் மறக்கவில்லை.

சம்பா நெல் தை, மாசி மாதங்களில் களத்துக்கு வரும். அந்த நெல்லை அடுத்த அறுவடை வரையில், அதாவது சித்திரை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் கடந்து, ஓராண்டுக் காலம் கெடாமல் காக்க வேண்டும். நெல்லுக்குப் பகைவர் பலர். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சூடு ஏறினால் நிறம் கெடும். அந்துப்பூச்சியும் வண்டும் துளைக்கும். எலியும் பெருச்சாளியும் கவரும். கரையான் அடியிலிருந்து ஏறும். இவை அனைத்துக்கும் ஒருசேர விடை காண்பதே களஞ்சியம் கட்டியவனுக்கு இருந்த சவால். தரையிலிருந்து உயர்த்தி வை. மழை உள்ளே புகாமல் மூடு. ஆயினும் காற்று முற்றும் அடைபடாதிருக்கட்டும் என்பதே அவன் கண்ட விடை.

வைக்கோல் முதல் செங்கல் வரை

நம் முன்னோர் தத்தம் வசதிக்கும் அளவுக்கும் ஏற்ப நெல்லைப் பல வகையாகக் காத்தனர். விதை நெல்லை வைக்கோல் புரியால் உருண்டையாகச் சுற்றி, இறுகக் கட்டி, மேலே சாணமும் மண்ணும் மெழுகி வைத்தனர். இதற்கு விதைக்கோட்டை என்று பெயர். அறுவடை மிகுந்த ஆண்டில் களத்து மேட்டிலேயே, வைக்கோல் புரியை வட்டமாகச் சுற்றிச் சுற்றி உயர்த்தி, நடுவில் நெல்லைக் கொட்டி, மேலே கூரை வேய்ந்து வைத்தனர். இது சேர் எனப்பட்டது. வீட்டுக்குள்ளே, சுட்ட அல்லது சுடாத மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளைச் சாணமண்ணால் பூசி அமைத்தது குதிர். ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிது என்பதற்கு மேலே சொன்ன பழமொழியே சான்று. இவற்றுக்கெல்லாம் மேலானது, தச்சர் கைபட்ட மரப் பத்தாயம். பெருநிலக்காரர் வீடுகளில் பத்தாயங்கள் வரிசையாக நிற்கும் தனிக் கூடமே இருந்தது.

கோவில்களும் அரசர்களும் செங்கல்லால் பெருங்களஞ்சியங்கள் எழுப்பினர். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் (1600-1634) கட்டப்பட்ட கூம்பு வடிவக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. சுமார் 35 அடி உயரமுள்ள அது 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். தமிழக அரசின் தொல்லியல் துறை அதனைப் பாதுகாத்து வருகிறது. திருவரங்கம் கோவிலிலும் வட்ட வடிவ நெற்களஞ்சியங்கள் செப்பனிடப்பட்டு நிற்கின்றன. செங்கல் களஞ்சியத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது நன்று. ஆனால் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருந்த மரக் களஞ்சியங்களைக் காப்பவர் அந்தந்த வீட்டாரே. அவர் கைவிட்டால் வேறு காவலர் இல்லை.

மரச்சட்டம் எழுந்த முறை

முதலில் நெற்கூடத்தையும் மாட்டுக் கொட்டகையையும் தாங்கிய மரச்சட்டத்தைக் காண்போம். இதில் சுவர் கூரையைத் தாங்குவதில்லை, மரமே தாங்குகிறது. மண்சுவர் இடையில் நிற்கும் மறைப்பு மட்டுமே. ஆகையால் வெள்ளத்தில் சுவர் கரைந்தாலும் கூரை உடனே விழுவதில்லை; சட்டம் நிற்கும்; நீர் வடிந்தபின் மீண்டும் மண் குழைத்துச் சுவர் எழுப்பலாம். கடற்கரையோரத்தில் வாழ்ந்த மக்கள் பட்டறிவால் கண்ட உண்மை இது.

தூணுக்கு வேம்பு, பூவரசு, கருவேலம், வைரம் பாய்ந்த பனை ஆகியவற்றைத் தேர்ந்தனர். வசதி உள்ளோர், இரண்டாம் உலகப் போருக்கு முன் கடல் வழியே வந்த பர்மாத் தேக்கை வாங்கினர். தூணின் அடி மண்ணில் நேரே படாதவாறு கருங்கல்லின்மேல் நிறுத்தினர். கல் இடையில் நின்றால் ஈரம் மரத்தில் ஏறாது, கரையான் வரும் வழியும் கண்ணுக்குத் தெரியும். தூண்களின் தலையில் உத்தரம் அமர்ந்தது. உத்தரத்தின் குறுக்கே விட்டம் கிடந்தது. விட்டத்தின் நடுவே எழுந்த குத்துக்கால் மோட்டுவளையைத் தாங்கியது. மோட்டுவளையிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கியவை கைமரங்கள். அவற்றின்மேல் மூங்கிலாலோ பனையாலோ வரிச்சு கட்டி, அதன்மேல் கீற்றோ, விழலோ, வைக்கோலோ, கரும்பு விளையும் நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்புத் தோகையோ வேய்ந்தனர். பின்னாளில் நாட்டு ஓடு வந்தது.

கைமரத்துக்குப் பனையே நம் நாட்டில் பெரிதும் பயன்பட்டது. பனையின் நடுப்பகுதி சோறு போல மென்மையானது. வெளிப்புறமோ கருத்த நார்கள் நெருங்கி இரும்பு போல் இறுகியது. முற்றிய மரத்தைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்து, வெளிப்புறத்தை மட்டும் பனங்கையாக எடுத்தனர். நீண்ட நாள் நிற்கும் மரத்தை வெட்டியவுடன் பயன்படுத்தாமல் குளத்து நீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் உலரவிட்டு எடுப்பதும் வழக்கம். ஊறும்போது பூச்சிகளுக்கு உணவாகும் மாவுச்சத்தும் இனிப்பும் கரைந்து போகின்றன. பொறுமையும் ஒரு கட்டுமானப் பொருளாயிருந்தது என்று சொல்லலாம்.

மரத்தோடு மரத்தை இணைக்கும் முறையில்தான் தச்சரின் திறமை முழுதும் வெளிப்பட்டது. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கிக் கழுந்து ஆக்கினர். மற்றொன்றில் அதற்கேற்ற துளை வெட்டினர். கழுந்தைத் துளையில் செலுத்திக் குறுக்கே மர ஆணி அறைந்தனர். பலகையோடு பலகை சேர வேண்டிய இடத்தில் நீளவாக்கில் காடி வெட்டிப் பொருத்தினர். இரும்பு ஆணியைக் கூடியவரை தவிர்த்தனர். உப்புக் காற்று வீசும் ஊரில் இரும்பு துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் அரிக்கும். மர ஆணியோ மழைக்காலத்தில் மரத்தோடு சேர்ந்து ஊதி, பிடிப்பை இறுக்கும். அன்றியும், தேவைப்பட்டால் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, கெட்ட ஒரு மரத்தை மட்டும் மாற்றலாம். உளி, வாய்ச்சி, இழைப்புளி, முழக்கோல் ஆகிய சில கருவிகளைக் கொண்டே இவ்வளவும் நடந்தன.

இந்தக் கலை சிறு குடிசைகளோடு நின்றுவிடவில்லை. தில்லையில் பொன் வேய்ந்த கூரையோடு விளங்கும் சிற்றம்பலம் மரத்தால் ஆன அமைப்பு என்பதை அதனைக் கண்டவர் அறிவர். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலில் கல்லில் வடித்த கொடுங்கை, மரக் கைகளையும் வரிச்சுகளையும் ஆணிகளையும் கூட அப்படியே காட்டுவதால் புகழ்பெற்றது. கல்தச்சன் தன் பாடத்தை மரத்தச்சனிடம் கற்றான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பத்தாயம்: வீட்டுக்குள் ஒரு வீடு

இனிப் பத்தாயத்தைக் காண்போம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது பெரியதொரு பெட்டி. அருகில் சென்று பார்த்தால் அது ஒரு கட்டடம். குட்டைக் கால்களின்மேல் அடித்தளச் சட்டம். அதன்மேல் பலகைத் தளம். அதற்கு மேலே, நான்கு பலகைகள் மூலைகளில் ஒன்றையொன்று கவ்வி நிற்கும் சதுர அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். உச்சியில் திறந்து மூடும் பலகை. அதன் வழியே நெல்லைக் கொட்டுவர். அடியில் முன்புறமாக ஒரு சிறு வாய். மேலும் கீழும் நகரும் பலகை ஒன்று அதை அடைக்கும். வேண்டும்போது அதைத் தூக்கினால் நெல் தானே மரக்காலில் வந்து விழும். சிலவற்றில் உள்ளே தடுப்பு வைத்து, உணவு நெல்லையும் விதை நெல்லையும் பிரித்து வைப்பதுண்டு.

நாம் பணியாற்றிய ஊர்களில் கண்ட சில பத்தாயங்களின் அடுக்குகளில், உளியால் கீறிய கோடுகளும் எண்களும் இருந்தன. எந்த அடுக்கு எதன்மேல் அமர வேண்டும் என்பதற்கான குறிகள் அவை. இப்பெரிய பொருள் வீட்டு வாசலில் நுழையாது. ஆகையால் அடுக்கடுக்காகக் கழற்றி உள்ளே கொண்டுசென்று மீண்டும் கோப்பர். வெள்ளம் வந்தாலும் வீடு மாறினாலும் கழற்றி எடுத்துச் செல்லலாம். அறுவடை குறைந்த ஆண்டில் அடுக்கைக் குறைக்கலாம். மிகுந்த ஆண்டில் கூட்டலாம்.

ஆறு அடி நீளம், நான்கு அடி அகலம், ஆறு அடி உயரம் உள்ள ஒரு பத்தாயத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 144 கன அடி; அதாவது நான்கு கன மீட்டருக்குச் சற்று மேல். ஒரு கன மீட்டர் நெல் ஏறத்தாழ 550 முதல் 600 கிலோ வரை இருக்கும். ஆக, இதில் சுமார் இரண்டேகால் டன் நெல் அடங்கும். அதைக் குத்தினால் ஏறக்குறைய ஒன்றரை டன் அரிசி கிடைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்றால், எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஓராண்டு உண்பதற்கு அது போதும். தச்சர் இந்தக் கணக்கை ஏட்டில் எழுதவில்லை. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்னும் அளவிலும், வீட்டில் உண்பவர் எத்தனை பேர் என்னும் அளவிலும் முழக்கோலை வைத்தே அறிந்திருந்தார்.

இரண்டேகால் டன் நெல் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. குவித்த நெல் சரிய முயல்வதால் பக்கங்களையும் வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை அடியில் மிகுதி. ஆகையால்தான் மூலைப் பொருத்துகள் அவ்வளவு இறுக்கமாக அமைந்தன. பண்ருட்டிப் பக்கத்துப் பலா இதற்கு உகந்த மரங்களுள் ஒன்று. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பெயர்பெற்ற அதே பலாதான் நெல்லையும் காத்தது. அறுத்த பலகை எளிதில் கோணாது. கரையானும் அதை விரைவில் தின்பதில்லை. தானே புயலில் அவ்வட்டாரத்துப் பலா மரங்களும் முந்திரி மரங்களும் பெருமளவில் சாய்ந்தன. தச்சுக்கு உதவும் பருவத்தைப் பலா எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதை எண்ணும்போது, பழைய பத்தாயப் பலகை ஒன்றை அடுப்பில் வைப்பது எத்தகைய இழப்பு என்பது விளங்கும்.

கடல் கடந்த உறவு

மரத்தால் களஞ்சியம் கட்டிய மக்கள் உலகின் பல பாகங்களிலும் உண்டு. நம் அண்டை நாடாகிய கேரளத்தில் இதே பத்தாயம் அதே பெயரோடு விளங்குகிறது. பத்தாயங்கள் வைக்கும் தனிக் கட்டடத்தைப் பத்தாயப்புரை என்பர். கத்தோலிக்கராகிய நமக்குச் சிறப்பாக நினைக்கத் தக்கவை இங்கிலாந்தின் பழைய களஞ்சியங்கள். அவற்றுள் பல துறவு மடங்களுக்கும் சபைகளுக்கும் உரியவையாய் இருந்தன. எசெக்ஸ் பகுதியில் கிரெசிங் என்னுமிடத்தில், டெம்ப்ளர் சபையினர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய பார்லிக் களஞ்சியமும் கோதுமைக் களஞ்சியமும் எழுநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. கிரேட் காக்ஸ்வெல் என்னும் ஊரில், பியூலி மடத்துச் சிஸ்டர்சியன் துறவியர் 1292-ஆம் ஆண்டையொட்டி எழுப்பிய களஞ்சியத்தில், ஓக் மரத் தூண்கள் உயர்ந்த கற்பீடங்களின்மேல் நிற்கின்றன. நம் தச்சர் கருங்கல்லின்மேல் தூணை நிறுத்திய அதே காரணம், அதே கணக்கு.

இலண்டன் அருகே ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426-ஆம் ஆண்டளவில் எழுந்த களஞ்சியம் 190 அடிக்கும் மேல் நீளமுடையது. உள்ளே நுழைந்தால் நடுவே உயர்ந்த மையப்பகுதியும் இருபுறமும் தாழ்ந்த பக்கப்பகுதிகளும் தூண் வரிசைகளும் உள்ளன. பீடம் இல்லாத பேராலயம் போலவே தோன்றும். கவிஞர் ஜான் பெட்ஜமன் அதனை அப்பகுதியின் பேராலயம் என்றே அழைத்தார். அதுவும் ஒரு காலத்தில் கவனிப்பாரற்றுப் பழுதடைந்தது. பின்னர் மரபுச் சின்னங்களைக் காக்கும் நிறுவனம் ஒன்று அதனை வாங்கிச் செப்பனிட்டது. அந்நாட்டுத் தச்சர்களும் மரங்களில் உளியால் எண்களைக் கீறி, எது எதனோடு சேரும் என்று குறித்தனர். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டுத் தச்சர்கள் ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டது வியப்புக்குரியது.

அந்த நெல் யாருடையது?

களஞ்சியத்தைப் புகழும்போது மறக்கக் கூடாத மற்றொரு பக்கமும் உண்டு. பத்தாயம் எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. உழுதவர், நாற்று நட்டவர், அறுத்தவர், கதிர் அடித்தவர் ஆகியோரின் குடிசைகளில் இருந்தவை சில அடுக்குப் பானைகளே. அவர்கள் கூலி, பிறர் வீட்டுப் பத்தாயத்தின் அடிவாயிலிருந்து மரக்கால் கணக்கில் வந்தது. அளப்பவர் கையைப் பொறுத்து அது கூடியும் குறைந்தும் வந்தது. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்குக் களத்தில் அளந்த ஆண்டுப் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். பெயர் பெரிது, அளவு சிறிது. பத்தாயத்தைச் செய்தவரே தம் வீட்டில் பத்தாயம் இல்லாமல் வாழ்ந்த நிலை எத்தனையோ ஊர்களில் இருந்தது.

விளைச்சல் மிகுந்தபோது, இருந்த களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டத் திட்டமிட்ட செல்வன் ஒருவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே குற்றம் களஞ்சியத்தில் இல்லை. அதன் கதவைத் தனக்காக மட்டும் பூட்டிய உள்ளத்தில் உள்ளது. எகிப்தில் யோசேப்பு கட்டிய களஞ்சியங்களோ பஞ்ச காலத்தில் பலரைப் பிழைப்பித்தன. ஆகையால் பழைய காலம் முழுவதும் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. பண்ணை வாழ்வின் அநீதி திரும்பி வர வேண்டியதில்லை. ஆயினும் அக்காலத்துக் கைவினைஞரின் அறிவு, அந்த அநீதியோடு சேர்ந்து புதைபட வேண்டியதும் இல்லை. அந்த அறிவு ஏழைத் தச்சரின் சொத்து. அதைக் காப்பது அவருக்கு நாம் செலுத்தும் நியாயமான கூலியின் ஒரு பகுதி.

ஏன் மறைந்தது? என்ன இழந்தோம்?

பத்தாயங்கள் மறைந்ததற்கு யாரையும் பழிக்க இயலாது. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 முதலிய குறுகிய கால நெல் வகைகள் பயிர்முறையையே மாற்றின. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வந்தன. களத்திலிருந்தே நெல்லை விற்றுப் பணம் பெறுவது எளிதாயிற்று. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் நெல் வயலிலிருந்து நேரே வண்டியில் ஏறுகிறது. பாகப் பிரிவினையில் நிலத்தைப் பிரிக்கலாம், பத்தாயத்தைப் பிரிக்க முடியாது. இடித்துக் கட்டிய காரை வீட்டில் அதற்கு இடமும் இல்லை. பழம்பொருள் வணிகர் வந்து கேட்கும்போது, அடைத்துக்கொண்டு கிடக்கும் பெட்டி போனால் போகட்டும் என்று கொடுத்துவிடுகின்றனர். அது நகரத்து விடுதியில் மேசையாகவும் கதவாகவும் மாறுகிறது.

இவற்றால் ஏழைகளுக்கு விளைந்த நன்மை பெரிது. ஆயினும் ஓர் இழப்பையும் நாம் கண்ணாரக் காண்கிறோம். கொள்முதலுக்கு வரும் நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது மத்திய அரசின் பொது விதி. மழை மிகுந்த ஆண்டுகளில் கேட்டுப் பெற்றே அதைத் தளர்த்த வேண்டியுள்ளது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழை, காவிரிப் பாசனப் பகுதியில் அறுவடைக்கு நின்ற பயிரையும் அறுத்துக் குவித்த நெல்லையும் நனைத்தது. அத்தகைய நாள்களில், கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாயின் கீழே நெல்லைக் குவித்துவிட்டு, இரவெல்லாம் வானத்தைப் பார்த்திருக்கும் உழவனுக்கு, பத்து நாள் நெல்லை உலர வைத்துக் காத்திருக்க வீட்டில் ஓர் இடம் இல்லை. காத்திருக்க இயலாதவன் கேட்ட விலைக்குத் தர வேண்டியவனாகிறான். நெல்லுக்கு வீடு இருந்த காலத்தில், நில உடைமையாளனுக்காவது அந்தக் காத்திருக்கும் வலிமை இருந்தது. இன்று அது சிறு உழவனுக்கும் கிடைக்க வேண்டும். தரையிலிருந்து உயர்ந்த, காற்றோட்டமுள்ள சிறு சேமிப்பிடங்களை ஊர்தோறும் கூட்டாக அமைப்பது குறித்து நம் உழவர் சங்கங்களும் பங்குப் பேரவைகளும் எண்ணிப் பார்க்கலாம். பழைய பத்தாயம் அதற்கு மாதிரியாக அப்படியே உதவாமற்போகலாம். அது கற்பிக்கும் விதிகள் உதவும்.

நாம் செய்யக் கூடியவை

விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 1732-ஆம் ஆண்டு சதுரகராதியைத் தொகுத்து முடித்தார். இத்தாலியிலிருந்து வந்த அத்துறவி, இம்மண்ணின் சொற்களைச் சிதறவிடாமல் சேர்த்து வைத்தார். இம்மண்ணிலேயே பிறந்த நாம், மோட்டுவளை, குத்துக்கால், கழுந்து, காடி, வரிச்சு என்னும் சொற்களை நம் காலத்தில் உதிரவிடலாமா? சொல் போனால் அந்தச் சொல் குறித்த வேலையும் போகும். அந்த வேலையைக் கேட்டு வாங்கவும் ஆள் இருக்க மாட்டார்.

ஆகையால் நம் குடும்பங்களுக்குச் சில எளிய வேண்டுகோள்களை வைக்கிறோம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பத்தாயமோ, குதிரோ, மரச்சட்டக் கொட்டகையோ இருந்தால், அதைக் கழற்றும் முன்பு நான்கு பக்கமும் படம் எடுங்கள். நீள அகல உயரங்களை அளந்து குறித்து வையுங்கள். வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்தி, ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அகராதியைப் பார்த்துத் திருத்த வேண்டாம். ஊரில் வயது முதிர்ந்த தச்சர் எவரேனும் இருந்தால், அவரை அழைத்து ஒரு மூலைப் பொருத்தையாவது இளைஞர் முன்னிலையில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த நாளுக்குரிய கூலியையும் குறைவின்றிக் கொடுங்கள். கோடை விடுமுறையில் நம் இளைஞர் இயக்கங்களும் பள்ளி மாணவரும் இப்பணியைத் தெருத்தெருவாகச் செய்யலாம்.

இடம் உள்ளவர் பத்தாயத்தை விற்காமல் பயன்படுத்துங்கள். உலர்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டு வீட்டு உணவு நெல்லையோ பயறையோ அதில் வைக்கலாம். மரபு நெல்லைப் பயிரிடத் தொடங்கியுள்ள குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் ஊர் ஊராகச் சென்று மீட்ட 150-க்கும் மேற்பட்ட நெல் வகைகள் அத்தகைய கைகளில்தான் வாழ்கின்றன. விதையைக் காப்பவருக்கு விதை உறங்கும் இடமும் வேண்டும். விற்றே தீர வேண்டிய நிலை வந்தால், பலகை பலகையாகப் பிரித்து விற்காமல், முழுதாக வைத்துக் காட்டும் பள்ளிக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்க முயலுங்கள்.

தச்சன் வீட்டில் வளர்ந்தவரை ஆண்டவராக வணங்குகிறவர்கள் நாம். மரத்தை அளந்து, வெட்டி, பொருத்தி, பிறர் உணவைக் காத்த கைகளின் வேலை நம் வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்குமானால், இந்தத் தை அறுவடைக்கு முன் அந்தத் தூசியைத் துடைத்து, அடுக்குகளை எண்ணிப் பார்ப்போம். எத்தனை அடுக்கு, என்ன மரம், யார் செய்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.